ஜீப்புக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டு

போர்க்கால வாகனங்களையும் மிதிவண்டிகளையும் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது எண்ணையும் எழுத்தையும்தான்

பச்சை வண்ணம் பூசி, முன்மூடியில் வெள்ளை நட்சத்திரம் ஒன்றையும் வரைந்துவிட்டால், எந்தப் பழைய ஜீப்பும் இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்பைப்போலவே தோன்றும். பார்ப்பவர் படம் எடுத்துக்கொள்வார். விற்பவர் விலையைக் கூட்டுவார். ஆனால், விவரம் தெரிந்த ஒரு சேகரிப்பாளர் அந்த நட்சத்திரத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். குனிந்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள அடிச்சட்டத்தில் விளக்கடித்துப் பார்ப்பார். அங்கே இருக்கும் எண்தான் அவருக்கு வேண்டும்.

பழைய ராணுவ வாகனங்களைத் தேடிச் சேகரிப்பது உலகின் பல நாடுகளில் பெரியதொரு பொழுதுபோக்கு. பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் ஜீப், லாரி, மோட்டார் சைக்கிள், மடக்கு மிதிவண்டி எனத் தேடித் தேடி வாங்கிப் பழுதுபார்ப்போர் ஏராளம். நம் வட்டாரத்திலும் அந்த ஆர்வம் உண்டு. இதில் பணமும் இயந்திர அறிவும் தேவை என்பது உண்மை. அவை இரண்டையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு பொருள் தன்னைப் பற்றிச் சொல்வது உண்மையா, இல்லையா என்று சோதித்துப் பார்க்கும் பழக்கம் அது. வரலாற்றுப் பாடத்தில் ஆசிரியர்கள் கற்றுத்தரும் அதே பழக்கம்தான். இங்கே அதைக் கையில் கரி படிந்தபடி கற்றுக்கொள்கிறார்கள்.

49 நாள் கெடு

1940ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்துக்கு எடை குறைந்த, நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வாகனம் தேவைப்பட்டது. 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. முதல் மாதிரி வாகனத்தை 49 நாள்களில் ஒப்படைக்கவேண்டும் என்பது நிபந்தனை. பெரிய நிறுவனங்கள் பலவும் தயங்கின. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் இயங்கிய பான்டம் என்ற சிறு நிறுவனம் துணிந்து இறங்கியது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைபடங்களைத் தயாரித்தார். 1940 செப்டம்பர் 23ஆம் தேதி, கெடு முடிவதற்குச் சற்று முன்னர் வாகனம் ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது.

ராணுவம் கேட்ட எண்ணிக்கையை உற்பத்தி செய்ய அந்தச் சிறு நிறுவனத்தால் முடியவில்லை. 1941இல் பெரிய ஒப்பந்தம் வில்லிஸ் நிறுவனத்துக்குப் போனது. அதன் 60 குதிரைத்திறன் இயந்திரம் போட்டியாளர்களுடையதைவிட வலுவானது. பிறகு ஃபோர்டு நிறுவனமும் வில்லிஸ் வடிவமைப்பிலேயே ஜீப் தயாரிக்கத் தொடங்கியது. போர் முடிவதற்குள் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறக்குறைய 640,000 ஜீப்புகளைத் தயாரித்தன.

எண்ணிக்கை இவ்வளவு பெரிது என்பதால்தான் இன்றும் அவை கிடைக்கின்றன. அதே காரணத்தால்தான் குழப்பமும் அதிகம். போருக்குப் பிறகு பல நாடுகள் இதே வடிவத்தில் ஜீப் செய்தன. பழைய ஜீப்புக்குப் பொருந்தும் புத்தம் புதிய உடற்கூடுகள் பிலிப்பீன்சில் இன்றும் தயாராகின்றன. ஆகவே, கண்ணால் பார்த்து மட்டும் ஒரு ஜீப்பின் வயதைச் சொல்ல முடியாது.

இரும்பை வாசிக்கும் கலை

அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? சேகரிப்பாளர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில இடங்களைப் பார்க்கிறார்கள்.

முதலாவது, அடிச்சட்டத்தின் முன்பகுதியில் குறுக்கே செல்லும் இரும்பு. வில்லிஸ் ஜீப்பில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டு ஜீப்பில் அது கவிழ்த்துவைத்த வாய்க்கால்போல் இருக்கும். வண்ணம் மாறலாம், உடற்கூடு மாறலாம். அடிச்சட்டத்தின் இந்த அமைப்பு எளிதில் மாறாது.

இரண்டாவது, எண். ஃபோர்டு ஜீப்பில் இடப்பக்க அடிச்சட்டத்தின் மேற்புறத்தில் அது அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். வில்லிஸ் ஜீப்பில் அடிச்சட்டத்தின் உட்புறம் சிறு தகட்டில் இருக்கும். அந்தத் தகடு கழன்று விழுந்திருக்கலாம். அல்லது யாராவது வேறொன்றைப் பொருத்தியிருக்கலாம். ஆகவே அங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை.

மூன்றாவது, சிறிய எழுத்துகள். ஃபோர்டு நிறுவனம் தான் செய்த பல பாகங்களில், திருகாணிகளின் தலையில்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது. ஒரு ஃபோர்டு ஜீப்பில் எத்தனை ‘எஃப்’ மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதையே சிலர் மணிக்கணக்கில் செய்கிறார்கள்.

நான்காவது, பயணி இருக்கைக்கு எதிரே உள்ள தகவல் தகடுகள். அவற்றில் ஒன்றில் ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி இருக்கும். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. 5-12-43 என்றால் 1943ஆம் ஆண்டு மே 12. டிசம்பர் 5 அல்ல.

ஐந்தாவது இடத்தைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். முன்மூடியின் பக்கவாட்டில் ராணுவப் பதிவெண் எழுதப்பட்டிருந்தது. ஜீப்புகளுக்கு அது 20 என்று தொடங்கும். பின்னாளில் அதன்மேல் பல வண்ணங்கள் பூசப்பட்டிருக்கும். மெல்லிய உப்புத்தாளால், படலம் படலமாகத் தேய்த்தால் சில நேரங்களில் அந்த எண் கீழிருந்து வெளிவரும். அவசரப்பட்டு இயந்திரத்தால் சுரண்டினால் எண்ணும் போய்விடும்.

இவை அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. போர்க்களத்துப் பணிமனையில் வில்லிஸ் அடிச்சட்டத்தில் ஃபோர்டு இயந்திரத்தைப் பொருத்தி அனுப்பியிருப்பார்கள். அன்றைக்கு வண்டி ஓடவேண்டும் என்பதே முக்கியம். அத்தகைய கலவையும் அந்த வண்டியின் வரலாறுதான். பொருந்தாத பாகம் ஒன்று இருப்பதாலேயே வண்டி போலி ஆகிவிடாது. எப்போது, எப்படி மாறியது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

வாய்வழிக் கதைகளையும் இப்படித்தான் சோதிக்கவேண்டும். “இது 1942இல் சிங்கப்பூரைக் காத்த ஜீப்” என்று யாராவது சொன்னால் சற்று யோசியுங்கள். வில்லிஸ் நிறுவனத்தின் போர்க்கால ஜீப் உற்பத்தியே 1941ஆம் ஆண்டின் இறுதியில்தான் தொடங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்துவிட்டது. 1945இல் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தபோது வந்த ஜீப் என்றால் அது நம்பத்தக்க கதை.

அவசரகாலத்தில் ஓடிய லேண்ட் ரோவருக்கும் இதே சோதனைதான். ஜீப்பைப் பார்த்து உருவான அந்த வாகனத்தின் முதல் சோதனை வண்டி ஜீப்பின் அடிச்சட்டத்தின்மீதே கட்டப்பட்டது. அது 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டு மாதங்களில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பிரிட்டிஷ் படையினர் இங்கு லேண்ட் ரோவர்களைப் பயன்படுத்தினர். அடிச்சட்ட எண்ணைக் கொண்டு தயாரிப்பு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து அவ்வண்டிகளுக்குச் சான்று பெறமுடியும்.

மிதிவண்டியில் வந்த போர்

1942இல் நம் மண்ணுக்கு வந்த வாகனம் ஜீப் இல்லையென்றால், எது? மிதிவண்டி.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் தென்கரையில் சொங்க்லா, பட்டாணி ஆகிய இடங்களிலும் இறங்கியது. 55 நாளில் அது ஜோகூர் பாருவை எட்டியது. 1942 ஜனவரி 31ஆம் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, கடற்பாலத்தில் பிளவு ஏற்படும்படி வெடிவைத்துவிட்டு சிங்கப்பூருக்குள் வந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி சரணடைந்தது.

அந்த வேகத்துக்கு மிதிவண்டியும் ஒரு காரணம். ஜெனரல் யமஷிட்டாவின் திட்டமிடல் அதிகாரியாக இருந்த மசனோபு சுஜி, ஒவ்வொரு காலாட்படைப் பிரிவுக்கும் ஏறக்குறைய 500 மோட்டார் வாகனங்களும் 6,000 மிதிவண்டிகளும் இருந்ததாகப் பின்னர் எழுதினார். பிரிட்டிஷார் பாலங்களைத் தகர்த்தால் லாரி நின்றுவிடும். மிதிவண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிடலாம். போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மலிவாக விற்கப்பட்டன. அதனால் உதிரிபாகங்கள் ஊர் ஊராகக் கிடைத்தன. வெயிலில் டயர் வெடித்தால், டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் நூற்றுக்கணக்கான ரிம்கள் தார்ச்சாலையில் உரசிய சத்தம் கவச வாகனங்களின் இரைச்சல்போல் கேட்டதாம்.

சுஜி சொல்வதையும் அப்படியே ஏற்கக்கூடாது. அது வென்றவர் எழுதிய கதை. சிங்கப்பூரில் சீன ஆடவர்கள் பலர் கொல்லப்பட்ட ‘சூக் சிங்’ படுகொலையில் பெரும்பங்கு வகித்தவர் அவர். தன் படையின் திறமையை விரிவாக எழுதிய ஒருவர், எதை எழுதாமல் விட்டார் என்பதையும் பார்க்கவேண்டும். அந்த மிதிவண்டிகள் எல்லாமே கப்பலில் வந்தவையா? இல்லை. வழியெங்கும் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் பறிக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு.

சேகரிப்பாளர்கள் தேடும் மிதிவண்டிகள்

ராணுவ மிதிவண்டிகளில் உலகச் சந்தையில் புகழ்பெற்றவை இரண்டு.

ஒன்று, பிரிட்டனின் பிஎஸ்ஏ நிறுவனம் செய்த வான்குடைப் படையினரின் மடக்கு மிதிவண்டி. துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. நடுவில் உள்ள இரு திருகுகளைக் கையாலேயே தளர்த்தி வண்டியை இரண்டாக மடக்கலாம். 1942 முதல் 1945 வரை 60,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டன. 1944 ஜூன் 6ஆம் தேதி நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரர்கள் சிலர் இதைத் தோளில் சுமந்து வரும் படங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

மற்றொன்று, சுவிட்சர்லாந்து ராணுவத்தின் மிதிவண்டி. 1905இல் அறிமுகமான அதே அடிப்படை வடிவம் 1993இல் புதிய வகை வரும்வரை பயன்பாட்டில் இருந்தது. பல்சக்கர மாற்றம் கிடையாது, ஒரே வேகம். எடையோ 20 கிலோவுக்கும் மேல். மலைநாட்டில் அதை மிதித்து ஏறிய வீரர்களின் கால்வலிமையைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஏறக்குறைய நூறாண்டுக் காலத்தில் பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்டதால், ஜீப்பைவிட எளிதாகக் கிடைக்கும்.

புதிதாகத் தொடங்கும் இளையருக்கு மிதிவண்டியே ஏற்றது. வீட்டின் ஒரு மூலை போதும். ஓட்டுநர் உரிமம் வேண்டாம். ஒரு பாகத்தைக் கழற்றித் தவறு செய்தாலும் பெரிய செலவு வராது. இரும்பை வாசிக்கும் பழக்கத்தை அதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கப்பலில் ஏற்றும் முன்

வெளிநாட்டில் ஒரு வண்டியைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பணம் கட்டிவிட்டு, அப்புறம் விதிகளைப் படிப்பவர்கள் உண்டு. வரிசை நேர்மாறாக இருக்கவேண்டும். முதலில் விதி, பிறகு ஆவணம், அதன் பிறகே பணம்.

விற்பனைச் சீட்டில் அடிச்சட்ட எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த நாட்டுப் பதிவுப் புத்தகம் இருந்தால் அதிலுள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஓரெழுத்துக்கூட மாறாமல் ஒத்துப்போகவேண்டும். கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டிலும் அதே எண் வரவேண்டும். நான்கு தாள்களில் மூன்றில் ஓர் எண்ணும் நான்காவதில் வேறோர் எண்ணும் இருந்தால், துறைமுகத்தில் வண்டி காத்துக்கிடக்கும். கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும். ஜீப் சிறியது, 20 அடிக் கொள்கலனில் தாராளமாக அடங்கும். மிதிவண்டி ஓர் அட்டைப்பெட்டியில் அடங்கிவிடும்.

துப்பாக்கி பொருத்தும் தாங்கியோடு ஜீப் அழகாகத் தெரியும். அதற்காகப் போலித் துப்பாக்கி ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள். சுடாத துப்பாக்கியாக இருந்தாலும், துப்பாக்கியைப்போல் தோன்றும் பொருளாக இருந்தாலும், காவல்துறையின் அனுமதியின்றி அதை சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியாது. பழைய தோட்டா உறை, வெடிகுண்டின் ஓடு ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

சில நாடுகள் வேறு விதத்தில் கண்டிப்பானவை. ஆஸ்திரேலியாவில் கல்நார் உள்ள பொருள்களை இறக்குமதி செய்ய 2003ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தடை உள்ளது. பழைய வாகனங்களின் பிரேக் பட்டைகளிலும் இயந்திர இணைப்புத் தகடுகளிலும் கல்நார் இருக்கும். அதனால் அங்கே போகும் பழைய கார்கள் துறைமுகத்திலேயே சோதிக்கப்படுகின்றன.

எந்தப் பெயரில் பதிவது?

வண்டி வந்துவிட்டது. சாலையில் ஓட்ட என்ன செய்வது? ஒவ்வொரு நாடும் பழமைக்கு ஒவ்வோர் எல்லைக்கோடு வைத்திருக்கிறது.

சிங்கப்பூரில், வெளிநாட்டிலிருந்து வரும் பயன்படுத்தப்பட்ட கார் மூன்று வயதுக்கு உட்பட்டதாக இருந்தால்தான் வழக்கமான முறையில் பதியமுடியும். பழமையான வாகனங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் தனித் திட்டங்களை வைத்துள்ளது. 1940 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னர் தயாரானவை ஒரு வகை; அவை தொன்மை வாகனங்கள். முதல் பதிவிலிருந்து குறைந்தது 35 ஆண்டு ஆனவை மற்றொரு வகை. அவை மரபு வாகனங்கள்.

இங்கேதான் சுவையான ஒரு விவரம். முதல் மாதிரி ஜீப்பே 1940 செப்டம்பரில்தான் பிறந்தது. ஆகவே உலகில் உள்ள எந்த ஜீப்பும் முதல் வகையில் சேராது. சில மாதங்களில் தவறவிடுகிறது. மரபு வாகனம் என்ற இரண்டாம் வகைதான் அதற்கு வழி. அந்த வகையில் பதிவான வாகனத்தை ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம் என்பது அடிப்படை வரம்பு. வாரநாள்களில் வேலைக்கு ஓட்டிப்போக நினைப்பவருக்கு அது போதாது. ஞாயிற்றுக்கிழமை காலை உலாவுக்குப் போதும்.

வரியும் உண்டு. இறக்குமதியாகும் காரின் சுங்க மதிப்பில் 20 விழுக்காடு உற்பத்தித் தீர்வையும், அதற்கும் மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் செலுத்தவேண்டும். கப்பல் கட்டணமும் காப்புறுதியும் அந்த மதிப்பில் சேரும். 10,000 வெள்ளி சுங்க மதிப்புள்ள வண்டிக்குத் தீர்வை 2,000 வெள்ளி. 12,000 வெள்ளிக்கு 9 விழுக்காடு என்றால் மேலும் 1,080 வெள்ளி. பதிவுக் கட்டணங்கள் தனி. காகிதத்தில் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது வாங்குவதற்கு முன்பே நடக்கவேண்டிய வேலை.

மலேசியாவில் வாகனத்தைக் கப்பலில் ஏற்றும் முன்பே ‘ஏபி’ எனப்படும் இறக்குமதி அனுமதியைப் பெறவேண்டும். அதன் பின்னர் சுங்கத் துறை, வாகனப் பரிசோதனை, ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவு என்று ஒவ்வொரு படியாக ஏறவேண்டும்.

பிரிட்டனில் வண்டி வந்து 14 நாள்களுக்குள் வரித் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். 40 ஆண்டு கடந்த வாகனங்களுக்குச் சாலை வரி கிடையாது. ஆனால், தயாரிப்பு ஆண்டை உரிமையாளர் ஆதாரத்துடன் காட்டவேண்டும். அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த வாகனத்துக்கு இன்றைய பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு உண்டு. எல்லைக்கோடு 25 ஆனாலும் 35 ஆனாலும் 40 ஆனாலும், எல்லா நாடுகளும் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த வண்டி இந்த ஆண்டில் பிறந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? அடிச்சட்டத்தில் விளக்கடித்துப் பார்த்த அந்த முதல் நாள் வேலைக்கு இங்கேதான் பலன் கிடைக்கும். எண்ணை மாற்றிப் பொறித்த வண்டியை வாங்கியவர் இந்தக் கட்டத்தில் பணத்தையும் இழப்பார், வண்டியையும் இழப்பார்.

கழற்றுவதற்கு முன் ஒரு படம்

பழைய வண்டியைப் புதிதுபோல் ஆக்குவதா, இருப்பது இருக்கும்படி காப்பதா? சேகரிப்பாளர்களுக்கிடையே முடியாத விவாதம் இது. பளபளக்கும் வண்ணம் பூசினால் கண்ணுக்கு அழகு. ஆனால், அடியில் இருந்த பழைய எண், படைப்பிரிவின் குறி, ஒரு வீரர் கீறிவைத்த பெயர் எல்லாம் ஒரே நாளில் அழிந்துவிடும். அழித்த பின் திரும்பப் பெறவே முடியாது. அதனால், அனுபவமுள்ளவர்கள் ஒரு பாகத்தைத் தொடுமுன் படம் எடுக்கிறார்கள். கழற்றிய திருகாணிகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுகிறார்கள். ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்கிறார்கள்.

உடல்நலமும் முக்கியம். பழைய பிரேக் பட்டைகளில் கல்நாரும் பழைய வண்ணத்தில் ஈயமும் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சுக்குழாய்க்குள் போகும். இருட்டில் ஒளிரும்படி செய்யப்பட்ட பழைய ராணுவ மானிகள் சிலவற்றில் கதிரியக்கம் உள்ள ரேடியம் பூசப்பட்டிருந்தது. அவற்றின் கண்ணாடியைத் திறக்கவே கூடாது. நிலத்தைத் தோண்டும்போது போர்க்காலக் குண்டு போன்ற எதையாவது கண்டால் கை வைக்காமல் விலகி நின்று காவல்துறையை அழைக்கவேண்டும்.

பதிவில் இல்லாத மிதிவண்டிகள்

அமெரிக்கத் தொழிற்சாலையில் 1943இல் பிறந்த ஜீப்புக்கு எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, தகடு இருக்கிறது. 80 ஆண்டுகளுக்குப் பின்னரும் அதன் பிறந்த நாளைச் சொல்லிவிட முடிகிறது. அதே போரில் ஒரு கடைக்காரரிடமிருந்தோ ஒரு தோட்டத் தொழிலாளியிடமிருந்தோ பறிக்கப்பட்ட மிதிவண்டிக்கு என்ன இருக்கிறது? பறித்தவர் ரசீது எழுதித் தரவில்லை. சுஜியின் கணக்கில் அது 6,000இல் ஒன்று. வண்டியை இழந்த குடும்பத்துக்கோ அது சம்பாதிக்கும் கருவி. பால் ஊற்றப் போகவும், சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகவும், வேலைக்குப் போகவும் இருந்த ஒரே வாகனம்.

அந்தக் கதைகள் இரும்பில் பொறிக்கப்படவில்லை. மனிதர்களின் நினைவில் மட்டுமே இருந்தன. 1942இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவர் இன்று தொண்ணூறு வயதைத் தாண்டியிருப்பார். அவரிடம் கேட்க வேண்டியதை இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்க முடியாது. வெளிநாட்டிலிருந்து ஒரு ஜீப்பைக் கொண்டுவர எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் காத்திருக்கலாம். இது காத்திருக்காது.

போருக்குப் பிந்திய மிதிவண்டிகளுக்கும் இந்தக் கவனம் தேவை. ஒருகாலத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மிதிவண்டிக்கும் உரிமத் தகடு உண்டு. தாத்தா வைத்திருந்த ராலே அல்லது ஹம்பர் சைக்கிளில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு தகடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதில் ஊரின் பெயரும் ஆண்டும் இருக்கக்கூடும். வீடு மாறும்போது பழைய இரும்பு வாங்குபவரிடம் அந்தச் சைக்கிளைக் கொடுத்துவிட்டால், சில வெள்ளி கிடைக்கும். ஒரு குடும்பம் எந்த ஊரில், எந்த ஆண்டில் இருந்தது என்பதற்கான ஆதாரம் போய்விடும்.

எங்கே தொடங்கலாம்?

பணம் இல்லாமலேயே தொடங்கலாம். இந்த விடுமுறையில் செய்யக்கூடிய சில வேலைகள்:

வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள பழைய சைக்கிளைத் தேடுங்கள். இருக்கைக்குக் கீழும் மிதிகட்டைக்கு அடியிலும் துணியால் மெதுவாகத் துடைத்து, எண் தெரிகிறதா என்று பாருங்கள். எண், தகடு, தயாரிப்பாளர் சின்னம் ஆகியவற்றைப் படம் எடுங்கள்.

யாருடையது, எப்போது வாங்கியது, எதற்குப் பயன்பட்டது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டுக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். அவர்கள் சொல்வதை இடையில் திருத்தவேண்டாம். ஆண்டில் சந்தேகம் இருந்தால், “அப்போது உங்களுக்கு என்ன வயது?”, “எந்தக் குழந்தை பிறந்திருந்தது?” என்று கேளுங்கள். ஆண்டைத் தானாகக் கணித்துவிடலாம்.

அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குச் சென்று பாருங்கள். 1941 அக்டோபரில் கார்களைப் பொருத்தும் தொழிற்சாலையாகத் திறக்கப்பட்டது அது. நான்கு மாதங்களில் அங்கேதான் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அதே கட்டடத்தில் ராணுவ லாரிகள் பொருத்தப்பட்டன. வாகனமும் போரும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடம் அது. மலேசியாவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், போர்ட் டிக்சனில் உள்ள ராணுவ அரும்பொருளகத்தில் பழைய ராணுவ வாகனங்களை நேரில் பார்க்கலாம்.

இதில் தொழில் வாய்ப்பும் உண்டு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் இயந்திரவியல் படிப்பவர்களுக்குப் பழைய இயந்திரம் நல்ல ஆசிரியர். அங்கே கணினி பழுதைச் சொல்லாது. காதால் கேட்டு, கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டும். அரும்பொருளகப் பொருள்களைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் ஜூரோங்கில் உள்ள மரபுடைமைப் பாதுகாப்பு நிலையத்தில் பணியாற்றுகிறார்கள். வேதியியலும் வரலாறும் ஒருசேரத் தெரிந்தவர்களுக்கான வேலை அது. சுங்கம், கப்பல் சரக்கு, காப்புறுதி மதிப்பீடு ஆகிய துறைகளிலும் ஓர் ஆவணத்தைப் படித்து அது உண்மையா எனச் சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

என்றாவது ஒருநாள் உங்களில் ஒருவர் ஒரு போர்க்கால ஜீப்பை வாங்கிப் பதிவுசெய்து, ஆண்டுக்கு 45 நாள் ஓட்டக்கூடும். அதற்குள் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே பூட்டிக் கிடக்கும் தாத்தாவின் சைக்கிளில் என்ன எண் இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்து எழுதிவையுங்கள்.